நைட் ஷிப்ட்டும், தள்ளிப்போன நாளும், மதுரையில் ஒரு ஜன்னலில்லாத அறையும்

புனே வந்த புதிதில் பதினான்கு மாதம் நைட் ஷிப்ட் பார்த்தேன். அமெரிக்க கஸ்டமருக்கு சப்போர்ட் வேலை. சாயங்காலம் ஆறரைக்கு வாசலில் கேப் வந்து நிற்கும். காலையில் பால் பாக்கெட் போடுகிற பையனும் நானும் ஒரே நேரத்தில் படியேறுவோம். ஐந்தாவது மாதத்திலிருந்து நாள் தள்ளிப்போக ஆரம்பித்தது. முப்பது நாள் நாற்பதானது, அடுத்த தடவை ஐம்பத்திரண்டு. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆன பெண்ணுக்கு நாள் தள்ளினால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவேண்டாம். அத்தை போனிலேயே சந்தோஷப்பட்டுவிட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்லை அத்தை" என்று நான் சொல்ல, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அம்மா மட்டும் வேறு மாதிரி கேட்டாள். "ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தா, ஒடம்பு எதைப் பார்த்துடி நாள் எண்ணும்?"

டாக்டரிடம் போனேன். ஸ்கேன், தைராய்டு டெஸ்ட், மாத்திரை எல்லாம் ஆனது. எத்தனை மணிக்குத் தூங்குகிறாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. பிறகு பகல் ஷிப்டுக்கு மாறி, சில மாதங்களில் எல்லாம் பழையபடி வந்துவிட்டது. ஆனால் அம்மாவின் கேள்வி மட்டும் மண்டையில் உட்கார்ந்துகொண்டது. அதைத் துரத்திக்கொண்டு கண்டதையும் படித்ததில், சுற்றிச் சுற்றி நான் பிறந்து வளர்ந்த மதுரைக்கே வந்து நின்றேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

கதை ஒரு மரத்திலிருந்து தொடங்குகிறது. கி.மு. நான்காம் நூற்றாண்டில், அலெக்சாண்டரின் படையோடு வந்த ஆண்ட்ரோஸ்தனீஸ் என்ற தளபதி, இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரத்தைப் பார்க்கிறார். ராத்திரியானால் அதன் இலைகள் மூடிக்கொள்கின்றன, விடிந்தால் விரிகின்றன. மரம் தூங்குகிறது என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னார்களாம். அது புளியமரம் என்று பின்னாளில் அடையாளம் சொல்கிறார்கள். நம் ஊரில் புளியமரம் இலை மூடுவதைப் பார்க்காத ஆள் உண்டா? ஆனால் எழுதி வைத்தது அவர்கள்.

சூரியன் போனால் மூடுகிறது, வந்தால் திறக்கிறது, இதில் என்ன அதிசயம் என்றுதான் இரண்டாயிரம் வருஷம் எல்லாரும் நினைத்தார்கள். 1729ல் டி மேரான் என்ற பிரெஞ்சு வானியல்காரர் ஒரு செடியை இருட்டில் கொண்டுபோய் வைத்தார். தொட்டாற்சிணுங்கி வகைச் செடி. வெளிச்சமே இல்லாத இடத்திலும் அது பகலில் விரிந்து ராத்திரி மூடியது. சூரியனைப் பார்க்காமலேயே செடி சூரியனை உணர்கிறது என்று அவர் நினைத்தார். நூறு வருஷம் கழித்து, 1832ல், டி கண்டோல் என்பவர் இன்னும் கவனமாகப் பார்த்தார். தொடர்ந்து ஒரே சூழ்நிலையில் வைத்த செடி 24 மணிக்கு ஒரு முறை விரியவில்லை, 22 - 23 மணிக்கு ஒரு முறை விரிந்தது. வெளியே இருக்கும் சூரியனைப் பின்பற்றியிருந்தால் 24 மணி இருக்கவேண்டுமே! அப்படியானால் கடிகாரம் செடிக்குள்ளேயே இருக்கிறது. கொஞ்சம் வேகமாக ஓடுகிற கடிகாரம். தினமும் சூரியன் அதைத் திருத்தி வைக்கிறது.

செடிக்கு சரி. மனுஷனுக்கு?

*

மனுஷனை இருட்டு அலமாரியில் வைக்க முடியாது. ஆகவே குகைக்குள் போனார்கள். 1938ல் நத்தானியேல் கிளைட்மன் என்ற சிகாகோ பேராசிரியர், தன் மாணவர் ரிச்சர்ட்சனோடு கென்டக்கியில் உள்ள மாமத் குகைக்குள் 32 நாள் இருந்தார். அவர்கள் செய்த சோதனை, ஒரு நாளை 28 மணி நேரமாக வைத்து வாழ முடியுமா என்பது. இளைஞர் ரிச்சர்ட்சனின் உடல் சூடு புதிய கணக்குக்கு ஓரளவு மாறிக்கொண்டது. 43 வயது கிளைட்மனுக்கு மாறவில்லை. படுக்கப் போகும் நேரம் மாறினாலும் உடல் சூடு பழைய 24 மணிக் கணக்கிலேயே ஏறி இறங்கியது. ஷிப்ட் மாறும்போது இருபத்திரண்டு வயசுப் பையன்கள் சிரித்துக்கொண்டே வர, நாற்பதைத் தாண்டிய டீம் லீட் மட்டும் காபி மிஷின் பக்கத்திலேயே நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து 1962ல் மிஷெல் சிஃப்ர். 23 வயது பிரெஞ்சு நிலவியல் இளைஞர். ஆல்ப்ஸ் மலையில் ஸ்காரசோன் என்ற பனிக் குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இறங்கினார். எழுந்தால், சாப்பிட்டால், படுத்தால் மேலே இருப்பவர்களுக்குப் போன் செய்வார். அவர்கள் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள், ஆனால் அவருக்கு மணி சொல்லமாட்டார்கள். ஜூலை 16ல் போனவரை செப்டம்பர் 14ல் வெளியே கூப்பிட்டபோது, அவர் கணக்கில் அன்று ஆகஸ்ட் 20. கிட்டத்தட்ட இருபத்தைந்து நாள் காணாமல் போயிருந்தது! ஒன்றிலிருந்து நூற்று இருபது வரை நொடிக்கு ஒன்றாக எண்ணச் சொன்னால், ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாராம். ஆனால் மேலே இருந்தவர்களின் குறிப்பைப் பார்த்தால் தூக்கமும் விழிப்பும் 24 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான கணக்கில் ஒழுங்காகவே வந்திருந்தன. மனசுக்கு நாள் தெரியவில்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது.

இதையே ஒழுங்கான பரிசோதனைக்கூடமாகக் கட்டியவர் ஜெர்மனியின் யூர்கன் ஆஷாஃப். மியூனிக் பக்கத்தில் ஆண்டெக்ஸ் என்ற ஊரில், வெளிச்சமும் சத்தமும் நுழையாத நிலவறை வீடு. 1960களின் நடுவிலிருந்து இருபது வருஷத்துக்கு மேல், அவரும் ரூட்கர் வேவரும் நானூறுக்கும் மேற்பட்டவர்களை அதில் தங்க வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் கண்ட சராசரி நாள் சுமார் 25 மணி. சிலருக்கு இன்னும் விசித்திரம். உடல் சூடு 25 மணிக் கணக்கில் போய்க்கொண்டிருக்க, தூக்கமும் விழிப்பும் தனியாகக் கழன்றுகொண்டு 30 மணி, சிலருக்கு 50 மணி வரை நீண்டுவிட்டது. அந்த ஐம்பது மணி நேரத்தையும் ஒரே நாள் என்று நினைத்துக்கொண்டு, மூன்று வேளைதான் சாப்பிட்டார்கள்!

(25 என்ற எண் கொஞ்சம் கூடுதல் என்று பிறகு தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் இஷ்டப்படி விளக்குப் போட்டுக்கொண்டார்கள். அந்த வெளிச்சமே கடிகாரத்தைத் தள்ளிவிட்டது. மங்கிய வெளிச்சத்தில் அமெரிக்காவின் செய்ஸ்லர் குழு 1999ல் அளந்தபோது வந்தது 24 மணி 11 நிமிஷம். 2011ல் அதே வழியில் 157 பேரை ஒப்பிட்டதில், பெண்களின் கடிகாரம் ஆண்களுடையதைவிட சராசரியாக ஆறு நிமிஷம் குறைவு என்று தெரிந்தது.)

*

இப்போது மதுரைக்கு வருவோம்.

நாகமலை புதுக்கோட்டை தாண்டி, தேனி ரோட்டில், பல்கலைக்கழகத்தை எத்தனை தடவை பஸ்ஸில் கடந்திருப்பேன்! அதற்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி, சமணர் மலை. பள்ளிக்கூடத்தில் எக்ஸ்கர்ஷன் கூட்டிக்கொண்டு போய் சமணச் சிற்பங்களைக் காட்டினார்கள். அந்தப் பக்கத்துக் குகைகளில் வௌவால் நாற்றம் தாங்காமல் நாங்கள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு ஓடி வந்தோம். அதே வௌவால்களைப் பற்றி உலகமே படிக்கிற கட்டுரைகள் வந்திருக்கின்றன என்று எந்த டீச்சரும் சொல்லவில்லை.

எம்.கே.சந்திரசேகரன் என்ற பேராசிரியர். ஜெர்மனியில் பழ ஈக்களின் உயிர்க்கடிகாரத்தை ஆராய்ந்தவர், 1970களின் நடுவில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பக்கத்திலேயே குகை, குகை நிறைய வௌவால். உள்ளே போகப் போகக் கும்மிருட்டு. ஆனாலும் தினமும் பொழுது சாயும்போது வௌவால்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுகின்றன. எப்படித் தெரிகிறது? அவரும் மாரிமுத்து முதலான மாணவர்களும் சில வௌவால்களைக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்தார்கள். கூட்டம் சுற்றிலும் இருக்கும்வரை, வெளியே போக முடியாத கூண்டு வௌவாலும் கூட்டத்தின் நேரத்துக்கே சிறகடித்தது. துணைக்கு யாரும் இல்லாத குகையில் தனியே வைத்தபோது, அதன் கடிகாரம் தன் போக்கில் நகர்ந்துபோனது. 1981ல் வெளியான முடிவு இது. சூரியன் நுழையாத இடத்தில், சொந்தக்காரர்கள் போய் வருவதே மணி காட்டுகிறது.

1985ல் 'நேச்சர்' இதழில் இன்னொன்று, விஸ்வநாதனும் சந்திரசேகரனும் எழுதியது. நம் வயல்களில் ஓடும் சின்ன எலிகளை வைத்துச் செய்தது. இரவு பகல் வித்தியாசமே இல்லாத அறையில் எலிக்குஞ்சுகள். தாய் மட்டும் 12 மணி நேரம் கூட இருக்கும், 12 மணி நேரம் எடுத்துவிடுவார்கள். குஞ்சுகளின் கடிகாரம் அம்மா வருவதையும் போவதையும் வைத்தே நேரத்தைப் பிடித்துக்கொண்டது. இதைப் படித்த அன்று கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் காலை ஏழு மணிக்கு வந்து படுத்து, சாயங்காலம் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் எனக்குக் குழந்தை இல்லை. ஆனால் என்னோடு கேபில் வந்த இரண்டு பேருக்கு இருந்தது.

*

வௌவாலுக்கும் எலிக்கும் அடுத்து மனுஷன். ஆண்டெக்ஸ் மாதிரியில் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு தனி அறை ஏற்பாடானது. ஜன்னல் இல்லை, கடிகாரம் இல்லை, பேப்பர் இல்லை, ரேடியோ இல்லை. வெளியே மதுரை வெயில் கொளுத்துகிறதா, மழையா, பொங்கலா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. தூங்கியதையும் எழுந்ததையும் பதிவு செய்வார்கள். இத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று உள்ளே இருப்பவர் தன் மனக்கணக்கைச் சொல்லவேண்டும். அவருடைய நாள் நீண்டால், அவர் "ஒரு மணி நேரம்" என்று நினைப்பதும் கூடவே நீண்டது.

அந்த அறையில் ஒரு பெண்ணும் தங்கினார். அவரை வைத்துக் கேட்ட கேள்விதான் எங்கள் அம்மா கேட்ட கேள்வி.

கேள்வி ஏன் முக்கியம் என்று கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். எலிக்குச் சினைமுட்டை வெளிவரும் சுற்று நாலைந்து நாள். 1950ல் எவரெட், சாயர் என்ற இருவர், முட்டை வெளிவர வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை பெண் எலியை மயக்கத்தில் வைத்தார்கள். இரண்டே மணி நேரம்தான். ஆனால் முட்டை வருவது இரண்டு மணி நேரம் தள்ளவில்லை, முழுசாக ஒரு நாள் தள்ளிப்போனது! அந்த நேரத்தைத் தவறவிட்டால் அடுத்த நாள் அதே நேரத்துக்குத்தான் அடுத்த வாய்ப்பு. அதாவது எலியின் உடம்பு தினக்கடிகாரத்தைப் பார்த்தே முட்டையை அனுப்புகிறது. மனுஷப் பெண்ணுக்கும் அப்படியா? மாதம் என்பது இருபத்தெட்டுத் தூக்கங்களை எண்ணி வருவதா?

சோதிக்க ஒரே வழி, தூங்கி விழிக்கும் நாளின் நீளம் மாறுகிற இடத்தில் பார்ப்பது. உடம்பு தூக்கத்தை எண்ணுகிறது என்றால், நாள் நீளும்போது மாதமும் அதே விகிதத்தில் நீளவேண்டும். மதுரைக் குழு 1991ல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் எழுதிய முடிவு: தனிமையில் இருந்த அந்தப் பெண்ணின் மாதவிடாய்ச் சுற்று, தூக்கம் - விழிப்புச் சுற்றோடு கட்டப்பட்டிருக்கவில்லை. நாள் தன் வழியில், மாதம் தன் வழியில். ஒரே ஒரு பெண்ணை வைத்துச் சொன்னது, அதை மறக்கக்கூடாது. ஆனால் ஐம்பது வருஷத்துக்கும் மேலாகக் குகைக்கும் நிலவறைக்கும் ஆண்களையே அதிகமாக அனுப்பிக்கொண்டிருந்த இந்தத் துறையில், இந்தக் கேள்வியை மதுரையில் உட்கார்ந்து நேராகக் கேட்டார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

*

அப்படியானால் அம்மா சொன்னது தப்பா? உடம்பு ராத்திரியையும் பகலையும் பார்த்து மாதம் எண்ணவில்லை என்றால், எனக்கு ஏன் ஐம்பத்திரண்டு நாள் ஆனது?

இதற்கு ஒரு திறவுகோல் 1978ல் கிடைத்தது. பிட்ஸ்பர்க்கில் எர்னஸ்ட் நோபில் குழு குரங்குகளை வைத்துச் செய்த வேலை. மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. அது பிட்யூட்டரியைத் தட்டி எழுப்புகிறது. பிட்யூட்டரி சினைப்பையை எழுப்புகிறது. இந்த ஹார்மோனை அவர்கள் நிற்காமல் சொட்டவிட்டுப் பார்த்தார்கள். பிட்யூட்டரி கொஞ்ச நாளில் ஓய்ந்துவிட்டது. மணிக்கு ஒரு தடவை, ஆறு நிமிஷம் மட்டும் கொடுத்தார்கள். மறுபடி வேலை செய்தது. மாதாமாதம் வருகிற ஒன்று, மணிக்கொரு தரம் விழுகிற தட்டின் மேல் நிற்கிறது!

இந்தத் தட்டு ரொம்ப மென்மையானது. சாப்பாடு குறைந்தால், எடை இறங்கினால், மனசு ஓயாமல் கவலைப்பட்டால் தாளம் தவறும். 1989ல் ஸ்டெஃபானியா ஃபோலினி என்ற இத்தாலியப் பெண் நியூ மெக்சிகோவில் ஒரு குகையில் நான்கு மாதத்துக்கும் மேல் தனியாக இருந்தார். உடல் இளைத்தார், மாதவிடாயும் நின்றுபோனது.

நைட் ஷிப்டில் நான் என்ன சாப்பிட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு கேன்டீனில் ஒரு வடா பாவ், டீ. பகல் தூக்கம் நாலு மணி நேரம். அதிலும் கூரியர்க்காரர், குக்கர் விசில், ஊரிலிருந்து போன். நாள் எண்ணுகிற இடத்தில் உடம்புக்குக் குழப்பம் வரவில்லை. தாளம் போடுகிற கையைத்தான் நான் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன் போல. என் ஒருத்தி கதையை வைத்து இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் 2011ல் அமெரிக்க நர்சுகள் 71,077 பேரை வைத்து வந்த ஆய்வில், மாறி மாறி நைட் ஷிப்ட் பார்த்த மாதங்கள் கூடக்கூட, ஒழுங்கில்லாத மாதவிடாயும் அதிகமாகத் தெரிந்தது. காரணம் தூக்கமா, வெளிச்சமா, மன அழுத்தமா என்று அந்த எண்ணிக்கை பிரித்துச் சொல்லாது.

இரண்டு நம்பிக்கைகளையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒன்று, 28 நாள். ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளை வைத்து 2019ல் வந்த ஆய்வில் சராசரி 29.3 நாள், சரியாக 28 நாள் வந்தவை 13 சதவீதம்தான். ஆகவே முப்பது, முப்பத்திரண்டு என்று வருகிற பெண்ணை யாரும் பயமுறுத்த வேண்டாம். இரண்டாவது, ஹாஸ்டலில் ஒரே ரூமில் இருந்தால் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வரும் என்பது. 1971ல் மார்த்தா மெக்ளின்டாக், கல்லூரி விடுதிப் பெண்கள் 135 பேரை வைத்து இப்படி எழுதியது ரொம்பப் பிரபலம். பிறகு வந்தவர்கள், முக்கியமாக 2006ல் சீன மாணவிகள் 186 பேரைக் கவனித்தவர்கள், அப்படி ஒன்றைக் காணவில்லை. வேறு வேறு நீளத்தில் ஓடுகிற சுற்றுகள் அவ்வப்போது சந்திக்கத்தான் செய்யும். சந்தித்தது ஞாபகம் இருக்கும், பிரிந்தது இருக்காது.

*

இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தியா, பொம்பளைக்கு நைட் ஷிப்ட் ஆகாது" என்று யாராவது கிளம்பினால் எனக்குக் கோபம் வரும். 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66வது பிரிவு, பெண்களுக்கு ராத்திரி ஏழு மணியிலிருந்து காலை ஆறு வரை தொழிற்சாலை வேலை கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஏனென்றால் ராத்திரி விழிப்பது ஆண் உடம்புக்கும் இதமானதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007ல் நைட் ஷிப்ட் வேலையைப் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற பட்டியலில் சேர்த்தது, 2019ல் மறுபடி பார்த்து அதையே உறுதி செய்தது. அதில் ஆண் பெண் என்று பிரிக்கவில்லை. ஒரே ஒரு வித்தியாசம், ஆணின் உடம்பு மாதாமாதம் கணக்குக் காட்டாது. நம் உடம்பு காட்டிவிடுகிறது. அந்தக் கணக்கை மறைக்காமல் பார்த்தால் நமக்குத்தான் லாபம்.

வேலையை விடச் சொல்ல நான் யார்? ஹோம் லோனும் ஊருக்கு அனுப்புகிற பணமும் எனக்கும் தெரியும். இவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது. காலண்டரில் தேதியைக் குறிக்கும்போது பக்கத்திலேயே அந்த வாரம் என்ன ஷிப்ட் என்றும் குறியுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் அதை எடுத்துக் காட்டுங்கள். நாள் ரொம்பத் தள்ளிப்போனால் "ஷிப்ட்தானே" என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் காட்டுங்கள். தைராய்டாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். ஷிப்ட் முடிந்து வந்து படுப்பவருக்குக் கனமான திரை ஒன்று வாங்கிப் போடுங்கள். அந்த நேரத்தில் ஊரிலிருந்து போன் வராமல் வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

போன தடவை ஊருக்குப் போனபோது தேனி பஸ்ஸில் அம்மாவிடம் இந்தக் கதை முழுவதும் சொன்னேன். பல்கலைக்கழகம் வந்ததும், "இங்கதான்மா, ஜன்னல் இல்லாத ரூம்ல ஒரு பொண்ணு இருந்தாங்க" என்றேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அந்தப் பொண்ணுக்கு வேளாவேளைக்குச் சோறு யாருடி போட்டா?"